மலையடியில் விளைந்த நாவல்

மதுரைக்கு மேற்கே, கீழக்குயில்குடியில் எழுந்து நிற்பது சமணமலை. அச்சணந்தியடிகளின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி அதன் பேச்சிப்பள்ளத்தில் உள்ளது. அவர் பெயரை வட்டெழுத்துக் கல்வெட்டு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் காத்து வருகிறது.

அம்மலை சூழ்ந்த நாட்டின் காவற்குடிகளுடைய முன்னோர் வரலாறோ வாய்மொழியிலேயே வாழ்ந்தது. ஆங்கில அரசின் பதிவேடு அவர்களைக் குற்றப்பரம்பரை என்றது. வாய்மொழியையும் ஆவணங்களையும் துணைகொண்டு சு. வெங்கடேசன் படைத்த ‘காவல் கோட்டம்’ 2008-இல் வெளிவந்தது. 2011-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதும், அதன் ஒரு பகுதியைத் தழுவி 2012-இல் வந்த ‘அரவான்’ திரைப்படமும் அந்நாவலைப் பலரிடம் கொண்டு சேர்த்தன.

குணமதியாரின் பெயர் கல்லில் நிலைத்தது. அவர் வாழ்ந்த கதை நமக்குக் கிட்டவில்லை. நம் இல்லத்து முதியோர் நினைவில் வாழும் முன்னோர் கதைகளுக்கும் அந்நிலை நேராதிருக்க, அவர்கள் சொல்லச் சொல்ல இன்றே எழுதிவைத்தல் நம் கடமையாகும்.