பழுதுகள் செதுக்கிய குளிர்பெட்டி

சென்னை மெரினா கடற்கரைச் சாலையில் விவேகானந்தர் இல்லம் என்ற பெயரோடு நிற்கும் வளைந்த முகப்புக் கட்டடம், 1842ல் ஐஸ் சேமித்து வைக்கவென்றே கட்டப்பட்டது. பழைய சென்னைவாசிகளுக்கு அது இன்றும் ஐஸ் ஹவுஸ்தான். பாஸ்டன் வணிகர் ஃபிரெடரிக் டியூடர் அமெரிக்க ஏரிகளில் உறைந்த பனியை அறுத்தெடுத்து, மரத்தூள் சுற்றிக் கப்பலேற்றினார். 1833ல் 'டஸ்கனி' என்ற கப்பல் அப்படி ஏற்றிச் சென்ற சுமார் 180 டன் பனியில் ஏறத்தாழ 100 டன், நான்கு மாதக் கடல் பயணத்துக்குப் பிறகும் உருகாமல் கல்கத்தாவில் இறங்கியது. அடுத்து சென்னைக்கும் அந்தப் பனி வந்தது.

அந்தக் குளிருக்குப் பழுது என்று ஒன்று கிடையாது. உருகும், தீரும், அடுத்த கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டும். குளிரை உண்டாக்கும் இயந்திரம் வீட்டுக்குள் வந்தபோதுதான் கசிவும் சத்தமும் கூடவே வந்தன. இன்று நம் சமையலறையில் நிற்கும் ஃபிரிட்ஜின் பாகங்களைப் பார்த்தால், பெரும்பாலானவை ஏதோ ஒரு பழுதுக்கோ விபத்துக்கோ பதிலாகப் பிறந்தவை.

அமெரிக்காவில் 1910களில் விற்பனைக்கு வந்த முதல் வீட்டு ஃபிரிட்ஜ்களில் பலவற்றுக்கு மோட்டார் தனி, கம்ப்ரசர் தனி; இரண்டையும் பெல்ட் இணைத்தது. சுழலும் தண்டு கம்ப்ரசருக்குள் நுழையும் இடத்தில் எவ்வளவு இறுக்கினாலும் மெல்லிய கசிவு இருந்தது. உள்ளே ஓடியதோ சல்ஃபர் டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு போன்ற நச்சு வாயுக்கள். சல்ஃபர் டை ஆக்சைடு கசிந்தால் மூக்கும் கண்ணும் எரிந்து வீட்டார் வெளியே ஓடிவிடுவார்கள். மெத்தில் குளோரைடு அப்படி எச்சரிக்காது. அதன் மணம் மிக மெல்லியது. தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். 1920களின் இறுதியில் சிகாகோ நகரக் குடியிருப்புகளில் அதற்குப் பலர் பலியானார்கள்.

பெர்லினில் ஒரு குடும்பமே ஃபிரிட்ஜ் கசிவில் இறந்த செய்தியைப் பத்திரிகையில் படித்தவர்களில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனும் ஒருவர். இளம் இயற்பியலாளர் லியோ சிலார்டைச் சேர்த்துக்கொண்டு, அசையும் உறுப்பே இல்லாத குளிர்பெட்டி ஒன்றை வடிவமைக்க முனைந்தார். தண்டு சுழலாவிட்டால் கசிய வழியேது என்பது அவர்கள் கணக்கு. 1930ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. உருகிய உலோகத்தை மின்காந்த விசையால் தள்ளும் பம்ப் ஒன்றையும் இருவரும் உருவாக்கினார்கள். அதன் இரைச்சல் பெரிதாக இருந்ததால் வீட்டுக்குப் பயன்படவில்லை. அந்தத் தத்துவம் பிற்காலத்தில் திரவ உலோகத்தால் குளிர்விக்கப்படும் அணுஉலைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

வீட்டுக்குக் கிடைத்த விடை வேறு. 1927ல் ஜெனரல் எலெக்ட்ரிக் வெளியிட்ட 'மானிட்டர் டாப்' மாடலில் மோட்டாரும் கம்ப்ரசரும் ஒரே எஃகுக் கூட்டுக்குள் அடைத்து மூடப்பட்டன. தண்டு வெளியே தலைகாட்டவே இல்லை. பத்து லட்சத்துக்கும் மேல் விற்ற அந்தப் பெட்டியின் வழியைத்தான் இன்றைய வீட்டு ஃபிரிட்ஜ்கள் பின்பற்றுகின்றன. மெக்கானிக்கின் வேலையும் அதோடு மாறியது. கம்ப்ரசரைத் திறந்து பார்க்க முடியாது. சத்தம், சூடு, இழுக்கும் மின்சாரம் ஆகியவற்றை வைத்தே உள்ளே நடப்பதை அவர் ஊகிக்க வேண்டும். மூடிய சுற்றில் வாயு தானாகத் தீர்ந்துபோகாது என்பதையும் வீட்டார் தெரிந்துகொள்வது நல்லது. 'கேஸ் குறைஞ்சிருக்கு' என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் வாயுவை மட்டும் நிரப்பினால் சில மாதங்களில் பழைய கதைதான்.

நஞ்சில்லாத வாயுவைத் தேடிய தாமஸ் மிட்ஜ்லி குழு 1928ல் ஃப்ரியானைக் கண்டடைந்தது. 1930ல் வேதியியலாளர்கள் கூடிய அவையில் மிட்ஜ்லி அந்த வாயுவை மூச்சில் இழுத்து, எரியும் மெழுகுவர்த்தியின் மேல் ஊதி அணைத்துக் காட்டினார். நஞ்சும் இல்லை, தீயும் பற்றாது என்று உலகம் நிம்மதியடைந்தது. நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1974ல், மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் அதே வகை வாயுக்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று எச்சரித்தார்கள். 1985ல் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் பெருமளவு மெலிந்திருப்பதை பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். 1987ல் மாண்ட்ரீல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1992ல் இந்தியாவும் அதில் சேர்ந்தது.

கதவின் கதை இன்னும் துயரமானது. பழைய ஃபிரிட்ஜ்களின் கதவில் வெளியிலிருந்து மட்டுமே திறக்கும் கொக்கி இருந்தது. தூக்கிப் போட்ட பெட்டிகளுக்குள் ஒளிந்து விளையாடிய குழந்தைகள் வெளியே வர முடியாமல் மூச்சுத்திணறி இறந்தார்கள். 1956ல் அமெரிக்கா சட்டம் இயற்றி, 1958 அக்டோபர் இறுதிக்குப் பின் செய்யப்படும் ஃபிரிட்ஜ் எதுவும் உள்ளிருந்து தள்ளினால் திறக்க வேண்டும் என்றது. கொக்கியின் இடத்தைக் காந்தப்பட்டை பதித்த ரப்பர் கேஸ்கெட் பிடித்தது.

குழந்தைகளைக் காத்த அந்த ரப்பர்தான் இன்று பராமரிப்பில் முதலில் பார்க்க வேண்டிய இடம். ஒரு ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் தடையில்லாமல் கையோடு வருகிறதா? அப்படியென்றால் அங்கே காற்று புகுகிறது. கேஸ்கெட் மடிப்பில் படிந்த அழுக்கை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரால் துடைத்தாலே பல நேரம் பிடிப்பு திரும்பிவிடும்.

இந்தியாவில் 1958ல் கோத்ரெஜ் நிறுவனம் ஃபிரிட்ஜ் தயாரிக்கத் தொடங்கியது. பிறகு கெல்வினேட்டர், ஆல்வின் போன்ற பெயர்கள் வீடுகளுக்குள் வந்தன. ஒற்றைக் கதவுப் பெட்டி, மேலே சிறிய ஃப்ரீசர், நடுவில் டீஃப்ராஸ்ட் பொத்தான். ஃப்ரீசரில் பனி ஒரு விரற்கடைக்கு மேல் ஏறினால் குளிர் கீழே இறங்காது. பொத்தானை அழுத்தி உருக விட வேண்டும். பொறுமையில்லாதவர்கள் கத்தியை எடுத்தார்கள். அந்த அலுமினியத் தகட்டுக்குள்ளேயே வாயு ஓடும் தடங்கள் இருக்கின்றன. ஒரு குத்து போதும், 'உஸ்' என்ற சத்தத்தோடு மொத்த வாயுவும் போய்விடும். பிந்தி வந்த ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகை ஹீட்டரை வைத்துத் தானாகவே பனியை உருக்கிக்கொள்கிறது. அதில் காய்கறித் தட்டுக்கு அடியில் தண்ணீர் தேங்கினால், பெரும்பாலும் பின்சுவரில் உள்ள வடிகால் துளை அடைத்திருக்கும்.

நம் ஊர் மின்சாரமும் இந்த வரலாற்றில் ஒரு பாத்திரம். மின்னழுத்தம் சரிந்தால் கம்ப்ரசர் கிளம்பத் திணறும். அதிக மின்சாரம் இழுத்துச் சூடாகும். பாதுகாப்பு சுவிட்ச் 'டக்'கென்று துண்டிக்கும். சில நிமிடத்தில் மறுபடி முயலும். கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் ரிலே கெட்டாலும் அதே அறிகுறி வரும். கரண்ட் போய் உடனே வந்தாலும் ஆபத்துதான். குழாயின் இரு பக்க அழுத்தமும் சமமாகச் சில நிமிடங்கள் தேவை. அதற்காகத்தான் தாமதித்து மின்சாரம் தரும் ஸ்டெபிலைசர்கள் இங்கே வீட்டுக்கு வீடு இடம்பிடித்தன.

ஃப்ரியானுக்குப் பின் வந்த ஆர்-134ஏ என்ற வாயு ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடாக்கும். 1993ல் ஜெர்மனியில் ஃபோரோன் தொழிற்சாலையும் கிரீன்பீஸ் இயக்கமும் சேர்ந்து ஹைட்ரோகார்பன் வாயுவில் ஓடும் ஃபிரிட்ஜைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. இன்று நம் கடைகளில் விற்பவற்றில் பலவற்றின் பின்புறத் தகட்டில் ஆர்-600ஏ என்று அச்சிட்டிருக்கும். அது ஐசோபியூட்டேன்; சமையல் எரிவாயுவின் உறவு. ஒரு வீட்டு ஃபிரிட்ஜுக்குச் சுமார் 50 கிராம் போதும்.

அளவு சிறிதானாலும் பற்றிக்கொள்ளும் வாயு என்பதால் பழைய கைப்பழக்கம் இங்கே செல்லாது. தகட்டில் ஆர்-600ஏ என்று கண்டதும் நல்ல மெக்கானிக் ஜன்னல்களைத் திறப்பார், வாயுவைப் பாதுகாப்பாக வெளியேற்றுவார், குழாயை நைட்ரஜனால் கழுவிய பிறகே தீயைக் கிட்டே கொண்டுவருவார். சுற்றைத் திறந்த ஒவ்வொரு முறையும் ஈரத்தை உறிஞ்சும் ஃபில்டரை மாற்றுவார். ஈரம் உள்ளே தங்கினால் தலைமுடி போன்ற மெல்லிய கேப்பிலரி குழாய்க்குள் உறைந்து அடைத்துவிடும். வாயுவைத் தராசில் நிறுத்து ஏற்றுவார். பழுது பார்க்க ஆள் அழைப்பவர்கள் புது ஃபில்டரையும் தராசையும் கேட்டுப் பார்க்கலாம். தொழில் தெரிந்தவர் அந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.