எடுத்தனூர் நாயும் ஏப்ரல் ஓட்டமும்

ஜவ்வாது மலைக்குத் தெற்கே, செங்கம் பக்கம் எடுத்தனூர் என்றொரு கிராமம். அங்கே கிடைத்த நடுகல்லில் ஒரு வீரன். பக்கத்திலேயே ஒரு நாய்! பல்லவன் மகேந்திரவர்மன் காலத்துக் கல். வீரன் பெயர் கருந்தேவக்கத்தி. மாடுகளைக் கவர வந்தவர்களோடு மோதி உயிரை விட்டவன். நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்வர்களைக் கடித்துவிட்டு, எஜமானனை விட்டு நகராமல் நின்றதாம். சுமார் 1,400 வருஷம் கழித்தும் ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது, பாருங்கள்!

இந்தக் கல்லை யார் படிப்பதற்காக நட்டார்கள்? எதிரிக்காகவா? இல்லை. மிச்சமிருந்த ஊர்க்காரர்களுக்காக! ‘ஆபத்து வந்தால் இப்படி நிற்கணும்’ என்று சொல்லாமல் சொல்வதற்காக. சண்டை நடக்கும்போது வீட்டில் இருப்பவர்களைத் தைரியப்படுத்தும் வேலை அவ்வளவு பழசு. 20-ஆம் நூற்றாண்டில் கல் போய்க் காகிதம் வந்தது. அதுதான் போர்க்கால போஸ்டர்.

ஆனால், காகிதம் சில சமயம் காலை வாரிவிடும். 1939-ல் பிரிட்டிஷ் அரசு ஒரு போஸ்டர் ஒட்டியது. ‘உங்கள் தைரியம், உங்கள் உற்சாகம், உங்கள் உறுதி நமக்கு வெற்றி தரும்’ என்று வாசகம். ஜனங்கள் கடுப்பாகிவிட்டார்கள். ‘கஷ்டம் எங்களுக்கு, வெற்றி உங்களுக்கா?’ என்று! அதோடு சேர்த்து அச்சடித்த ‘பதறாதே, வேலையைப் பார்’ என்ற இன்னொரு போஸ்டர், சுமார் 25 லட்சம் பிரதிகள், பெரும்பாலும் ஒட்டப்படாமலேயே கூழாகிப் போனது. 2000-ல் ஒரு பழைய புத்தகக் கடையில் ஒரு பிரதி கிடைத்து, அதன்பிறகுதான் காபி கோப்பை, பனியன் என்று உலகம் சுற்றியது.

நம்ம ஊர்க் கதை இன்னும் ருசியானது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ரங்கூன். சென்னைவாசிகளுக்கு அடிவயிறு கலங்கியது. அந்த மார்ச்சில்தான் இந்தியாவில் ஆங்கிலேய அரசு ‘தேசிய யுத்த முன்னணி’ என்ற பிரசார அமைப்பைத் தொடங்கியது. வதந்தியை ஒழிக்கணும், தோற்றுவிடுவோம் என்ற பயத்தைப் போக்கணும். அதுதான் வேலை!

ஒரே மாதம். ஏப்ரல் 5-ல் கொழும்பு மீதும், மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா மீதும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. ஜப்பான் கப்பற்படை சென்னையை நோக்கி வருவதாக ஒரு தகவல். அவ்வளவுதான்! ‘அவசியமில்லாதவர்கள் ஊரை விட்டுப் போய்விடுங்கள்’ என்று சொன்ன அரசாங்கம், தானும் மூட்டை கட்டியது. உயர் நீதிமன்றம் கோவைக்குப் போனது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று மிருகக்காட்சி சாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். ரயிலிலும் மாட்டு வண்டியிலும் சென்னை காலியானது.

கப்பற்படை? வரவே இல்லை. தகவல் தப்பு!

வதந்தியை நம்பாதே என்று ஊருக்கு உபதேசம் செய்தவர்களே ஒரு தப்பான தகவலுக்குப் பயந்து ஓடினால், அப்புறம் எந்த போஸ்டரை யார் நம்புவார்கள்?

ஜவ்வாது அடிவாரத்தில் கல் நட்டவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. செத்தவன் அவர்கள் ஊர்க்காரன். அடுத்த முறை கள்வர்கள் வந்தால் தடுக்க வேண்டியதும் அவர்கள்தான். அதனால், நடந்ததை மட்டும் எழுதினார்கள். கோவிவன் ஓடவில்லை. அவ்வளவுதான் சேதி.