சமமற்ற பட்டைகள்

ஸி. வி. ராமனைப் பற்றித் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் 1928 பிப்ரவரி 28-ல் ஆரம்பித்து 1930-ல் ஸ்டாக்ஹோமில் முடிந்துவிடுகின்றன. பிறந்தது திருச்சி, படித்தது சென்னை என்று பெருமைக்காக ஒரு வரி இருக்கும். சென்னையில் இருந்த வருஷங்களில் அவர் எதைப் பார்த்தார் என்ற கேள்வி அநேகமாக எழுவதில்லை. நோபல் பரிசுக்கு இருபத்துநான்கு வருஷம் முந்திய ஒரு கட்டுரையை முன்வைத்து அதைப் பற்றித்தான் இங்கே கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

1903-ல் ராமன் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். ஸ்பெக்ட்ராமீட்டரில் முப்பட்டகத்தின் கோணத்தை அளப்பது மாணவர்களின் வாடிக்கையான பயிற்சி. முகத்தில் பட்டுத் திரும்பும் பிம்பத்தை டெலஸ்கோப்பில் பிடித்து, கோணத்தை நோட்டில் குறித்துவிட்டால் வேலை முடிந்தது. ஒளி முகத்தை மிகச் சரிவாகத் தடவிக்கொண்டு போகும்போது மட்டும் பிம்பத்தின் இருபுறமும் மங்கலாகச் சில பட்டைகள் தெரியும். கோணம் மட்டும் வேண்டியவனுக்கு அவை இடைஞ்சல். ராமன் அந்த இடைஞ்சலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பக்கத்துப் பட்டைகள் அகலமாகவும் மறுபக்கத்தவை குறுகலாகவும் இருந்தன. ஏன் என்று கேட்டு, கணக்கிட்டு அவர் எழுதியது லண்டன் ‘பிலஸாபிகல் மேகஸி’னில் 1906 நவம்பரில் வெளிவந்தது. அந்த மாதம்தான் அவருக்குப் பதினெட்டு வயது நிறைந்தது.

விஷயம் இதுதான். குறுகிய வழியில் நுழையும் ஒளி நேரே போவதோடு நிற்காமல் ஓரங்களில் விரிகிறது. விரிந்த அலைகள் சேருமிடத்தில் வெளிச்சம். ஒன்றையொன்று அழிக்குமிடத்தில் இருட்டு. ஒளி நேராக விழுந்தால் இரு பக்கமும் சமமாக இருக்கும். பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் அந்தச் சமத்தையே வரைந்து காட்டின. சரிவாக விழும்போது முப்பட்டகத்தின் முகமே ஒரு குறுகிய திறப்பாகிவிடுகிறது. முகத்திலிருந்து கோணங்களை அளந்து, வரும் கோணத்தின் கோசைனுக்கும் போகும் கோணத்தின் கோசைனுக்கும் உள்ள வித்தியாசத்தை முகத்தின் அகலத்தால் பெருக்கினால், அது அலைநீளத்தின் முழு மடங்காகும் இடங்களில் இருள் விழும். கோணம் பூஜ்யத்தை நெருங்க நெருங்க, கோசைன் மெதுவாகவே மாறுகிறது. ஆகவே முகத்தை ஒட்டிய பக்கத்தில் பட்டைகள் அகன்று கிடக்கின்றன, விலகிய பக்கத்தில் நெருங்கிவிடுகின்றன. கருவியில் கோளாறு ஒன்றும் இல்லை.

ஒளியின் அலைநீளத்தை முதலில் எண்ணாகச் சொன்னவர் தாமஸ் யங், 1801-ல். சிவப்பின் எல்லைக்கு அவர் சொன்னது அங்குலத்தில் 37,640-ல் ஒரு பங்கு. அதற்கு அவர் எடுத்துக்கொண்டவை மெல்லிய படலங்களில் தெரியும் வர்ணங்களைப் பற்றி நியூட்டன் விட்டுப்போன அளவுகள். நியூட்டனோ ஒளியைத் துகள்கள் என்று கொண்டவர். அவர் கட்சியை ஏற்காதவனுக்கும் அவருடைய அளவு பயன்பட்டது.

1960-ல் மைமனின் மாணிக்கக் கல் லேசர் ஒளிர்ந்தது. 1962-ல் ஹீலியம்-நியான் லேசரின் சிவப்புக் கதிர், 632.8 நானோமீட்டர், கிடைத்தது. ஒழுங்கு குலையாத அலைகள் என்பதால் லென்ஸ் இல்லாமலே சுவரில் எல்லாவற்றையும் காட்டிவிடும். 1965-ல் ஆர்தர் ஷாலோ — டௌன்ஸுடன் சேர்ந்து 1958-ல் லேசருக்கான கோட்பாட்டை எழுதியவர் — அமெரிக்க பௌதிக ஆசிரியர்கள் படிக்கும் சஞ்சிகையில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். ஒளியின் அலைநீளத்தை ஒரு ஸ்கேலால் அளப்பது எப்படி என்பது விஷயம். லேசர் கதிர் ஸ்டீல் ஸ்கேலின் கோடுகளைத் தடவிக்கொண்டு போகட்டும். எதிர்ச்சுவரில் புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும். அதே கோசைன் கணக்குதான். முகத்தின் அகலத்துக்குப் பதில் இரு கோடுகளின் இடைவெளி, இருளுக்குப் பதில் வெளிச்சம். ராமனைப் படித்துவிட்டு ஷாலோ இதைச் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டும் ஒரே வழியில் கிடப்பவை என்பதுதான் முக்கியம்.

ஸ்டீல் ஸ்கேல் நமக்கு அந்நியமான பொருளல்ல. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போட்ட, தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில்பாதை கடம்பத்தூர் வழியாகப் போகிறது. ராமனின் கட்டுரை வந்தபோது அதற்கு ஐம்பது வயது. இன்று அந்தப் பக்கத்து லேத் பட்டறைகளுக்கு வேலைக்குப் போகிறவர்களின் சட்டைப்பையில் ஆறங்குல ஸ்கேல் இருக்கும். டர்னராக இருக்கும் நண்பர் ஒருவரின் பட்டறையில், ஷட்டரை இறக்கிவிட்டு, சாவிக்கொத்தில் தொங்கும் சிவப்பு லேசரை வைத்துச் செய்து பார்த்தோம். சுவர் 3 மீட்டர் தூரம். ஸ்கேலை எடுத்துவிட்டால் விழும் புள்ளிக்கும், ஸ்கேலில் பட்டுத் திரும்பிய புள்ளிக்கும் நடுமட்டத்தைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டோம். திரும்பிய புள்ளி 10 செ.மீ. உயரத்தில், அதற்கு மேல் 14.7, 18.3, 21.2. முதல் உயரத்தின் வர்க்கத்தில் பத்தின் வர்க்கத்தைக் கழித்து, மில்லிமீட்டர் இடைவெளியால் பெருக்கி, தூரத்தின் வர்க்கத்தைப் போல் இரு மடங்கால் வகுத்தால் 645 நானோமீட்டர். லேசரில் எழுதியிருந்தது 650. ஸ்கேலின் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தைந்நூறு அலைகளுக்கு மேல் அடங்கும்.

எண் வந்ததில் நண்பருக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏன் ஸார், மேலே போகப் போகப் புள்ளி நெருங்குது? ஸ்கேல்ல கோடு சமமாத்தானே இருக்கு?” என்றார்.

1906-ல் கேட்கப்பட்ட கேள்வி இதுவேதான். ராமன் பெயரை அவரிடம் நான் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

நம் பாடப்புத்தகங்களில் இதற்கு ‘விளிம்பு விளைவு’ என்று ஒரு சொல் இருக்கிறது. நல்ல சொல், விளிம்பில்தான் எல்லாம் நடக்கிறது என்பதை அது சொல்லிவிடுகிறது. ஆனால் பரீட்சையில் அதை எழுதி மார்க் வாங்கிய நாம், எத்தனை பேர் அதைக் கண்ணால் பார்த்தோம்? இலக்கியத்திலும் நம்மிடையே புழங்கும் எத்தனையோ சொற்களின் கதி இதுதான். சொல் வந்துவிடுகிறது, அது எதைக் குறிக்க வந்ததோ அந்தப் பொருளிடம் யாரும் போய் நிற்பதில்லை. ராமனுக்கு மாலை போடுவது சுலபம். அவர் பார்த்ததைப் பார்க்க ஒரு ஸ்கேலும் இருட்டறையும் போதும் என்பது அவ்வளவாகச் சொல்லப்படவில்லை.

சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கோணத்தைப் போட்டுக் காட்டினேன். பாதியிலேயே அவருக்குப் பிடிபட்டுவிட்டது. “அப்ப, அரை மில்லிமீட்டர் பக்கத்தை வெச்சா?” என்றார். நான் பதில் சொல்வதற்குள் ஸ்கேலைத் திருப்பி வைத்துவிட்டார்.