மலைச்சரிவும் கணிப்பு நெறியும்: மலையக வரலாற்றில் ஒரு நோக்கு

மலையக வரலாறு என்றதும் கோப்பி, தேயிலை, குடியுரிமை, தொழிற்சங்கம் ஆகியனவே நம் நினைவுக்கு வருகின்றன. இவை பேசப்பட வேண்டியவையே. ஆயின் அம்மலைகளின் மண்ணும் நீரும் எப்பொழுது, எவர் தேவைக்காகக் கணிக்கப்பட்டன என்ற வினாவை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. பொறியியற் பீடத்தார்க்குரிய புலத்திற் கலைப்பீட மாணவனுக்கு என்ன வேலை என்று கேட்கப்படலாம். அதற்கான விடை கட்டுரையின் போக்கிலே புலனாகும்.

மலையகத்தில் நவீன பொறியியற் கணிப்பு நீரின் வலுவையும் நாடிவந்தது. நீர்மின் திட்டத்தின் தந்தை எனப்படும் டீ. ஜே. விமலசுரேந்திர 1918இல் இலங்கையின் மின்வலு வாய்ப்புகள் பற்றிப் பொறியியலாளர் மன்றத்திற் கட்டுரை படித்தார். லக்சபான மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. 1965இல் காசல்ரீ அணையும் 1969இல் மவுசாகலை அணையும் நிறைவெய்தின. பின்னதன் நீரில் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியது. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய கோயிலின் எச்சங்கள் இன்றும் வெளித்தோன்றுகின்றன.

காசல்ரீ அணை எழுந்த அதே காலத்திலேதான் அணைகளைக் கணிக்கும் முறையும் உலகில் மாற்றமடைந்தது. வானூர்திச் சிறகுகளின் உறுதியை ஆராய்ந்த டேர்னர், கிளஃப், மார்ட்டின், டொப் ஆகியோர் 1956இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு வழிகோலியது. 1960இல் கிளஃப் இம்முறைக்கு வைத்த பெயரையே தமிழில் முடிவுறு மூலக முறை என்கிறோம். ஒழுங்கற்ற வடிவுடைய ஒரு பொருளைச் சிறு சிறு மூலகங்களாகப் பிரித்து, அவை சந்திக்கும் கணுக்களின் பெயர்ச்சியைச் சமன்பாடுகளாக்கி, அனைத்தையும் ஒருங்கே தீர்ப்பதே இதன் சாரம். அமெரிக்காவின் ஆர்க்கன்சோ மாநிலத்து நோர்போர்க் அணையில் வெடிப்பொன்று காணப்பட்டது. அவ்வணை தாங்குமா என்பதைக் கிளஃபும் அவர் மாணவர் எட்வர்ட் வில்சனும் 1960களின் தொடக்கத்தில் இம்முறையாற் கணித்தனர். வானூர்திக்கெனப் பிறந்த முறை இவ்வாறு அணைக்கு வந்தது. மண்சரிவுக்கு வரச் சற்றுத் தாமதமாயிற்று. வேல்சின் சுவான்சிப் பல்கலைக்கழகத்துச் சியென்கிவிச்சும் அவர்தம் சகாக்களும் 1975இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் முன்னோடியானது.

அன்று பெருங்கணினியும் துளையிட்ட அட்டைகளும் இன்றி இக்கணிப்பு நிகழவில்லை. இன்று நிலைமை வேறு. பிரான்சின் மின்சார நிறுவனம் 1989 முதல் தன் தேவைக்கென உருவாக்கிய கோட் ஆஸ்டர் என்னும் தீர்ப்பி 2001இல் எவரும் இலவசமாகப் பயன்படுத்தும் வண்ணம் வெளியிடப்பட்டது. சாதாரண மடிக்கணினியிலும் அது இயங்கும். அதனைப் படங்களைச் சொடுக்கி இயக்க வேண்டியதில்லை. மலையின் வலையமைப்பை ஒரு கோப்பிலும், மண்ணின் பண்புகள், எல்லை நிபந்தனைகள், சுமைகள் ஆகியவற்றை வேறொரு கோப்பிலும் எழுதிவைத்துக் கட்டளை வரியில் ஒரு வரியைத் தட்டினாற் போதும். கட்டளைச் சொற்கள் பிரெஞ்சு மொழியின. அம்மொழி அறியாதாரும் முப்பது சொற்களைப் பழகிக்கொண்டு காரியமாற்றுகின்றனர்.

சரிவொன்றைச் சோதிக்கும் விதம் சுவையானது. அடிப்பாறையை அசையாததாகக் கொள்வர். பக்கங்கள் கிடையாக நகராதிருக்கச் செய்வர். பின்னர் புவியீர்ப்பையும் நீரமுக்கத்தையும் ஏற்றுவர். அதன்பின் மண்ணின் பிணைவையும் உராய்வையும் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே கட்டளையை மீள மீள இயக்குவர். திரையில் எண்கள் ஓடும். ஒவ்வொரு சுற்றிலும் எஞ்சிய பிழை குறைந்து தீர்வு ஒருங்கும். ஏதோவொரு கட்டத்தில் அது ஒருங்க மறுக்கும். மண் தன் நிறையைத் தாங்கும் நிலை அங்கே முடிகின்றது. எத்தனை மடங்கு குறைத்தபோது அது நேர்ந்ததோ அதுவே பாதுகாப்புக் காரணி.

தீர்ப்பியை நம்புமுன் கையாற் கணித்துப் பார்ப்பது நல்ல வழக்கம். 30 பாகை சாய்ந்த நீண்ட சரிவொன்றில் நிலைக்குத்தாக 3 மீற்றர் ஆழத்துக்கு மண் கிடப்பதாகக் கொள்வோம். மண்ணின் நிறை கனமீற்றருக்கு 18 கிலோநியூட்டன், பிணைவு 5 கிலோபாஸ்கல், உராய்வுக் கோணம் 35 பாகை. மண்ணில் நீரமுக்கம் இல்லாதபோது பாதுகாப்புக் காரணி ஏறத்தாழ 1.43. நீர்மட்டம் மேற்பரப்பு வரை உயர்ந்து சரிவு வழியே கசியும்போது அது 0.77 ஆகின்றது. ஒன்றுக்குக் குறைந்தாற் சரிவு நில்லாது. மண்ணும் சாய்வும் மாறவில்லை, நீர் மாத்திரமே மாறியது.

ஹட்டனுக்கு அண்மையில், ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழைபெறும் வட்டவளை இதற்குச் சான்று. புகையிரதப் பாதையை அச்சுறுத்திய அங்குள்ள மண்சரிவு 1990களில் நிலத்தடி நீரை வடித்தகற்றியதனாலேயே கட்டுப்படுத்தப்பட்டது. புகையிரதப் பாதைக்குக் கிட்டிய இந்தக் கவனம் லயன்களுக்குக் கிட்டியதா?

1984இல் தோன்றிய தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் பதுளை, நுவரெலியா மாவட்டங்களிலேயே மண்சரிவு அபாய வரைபடப் பணியைத் தொடங்கியது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 ஆனால் ஆயத்தம், 150 ஆனால் வெளியேற்றம் என்பது அதன் எச்சரிக்கை ஒழுங்கு. எனினும் எச்சரிக்கை வேறு, மாற்றிடம் வேறு. பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் வாழ்ந்தோர் 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தனர். 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை அவர்தம் லயன்கள் மண்ணில் புதையுண்டன. அங்கே குறைபாடு கணிப்பினது அன்று. காணியும் வீடும் வழங்கப்படாமையே குறைபாடு என்பது என் கருத்து. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைத் தாக்கியபோதும் இவ்வினா மீண்டும் எழுந்தது.

இனி, முன்னர் விட்ட வினாவுக்கு வருவோம். தீர்ப்பி தானாக ஒன்றையும் அறியாது. கோப்பில் எழுதியதையே அது அறியும். நீர்மட்டம் எங்கே நின்றது? எந்தக் கான் எப்பொழுது தூர்ந்தது? எந்தப் பீலியின் நீர் திடீரெனக் கலங்கியது, எது வற்றியது? துளையிட்டு மண் மாதிரி எடுப்பதாற் பிணைவு தெரியும். நாற்பதாண்டு நீர் நடத்தை தெரியாது. அது கான் வெட்டியவர்களின் நினைவிலும், தோட்ட அலுவலகங்களின் நில அளவைப் படங்களிலும், நாளாந்த மழைப் பதிவேடுகளிலும் உள்ளது. 1972, 1975 ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் முகாமை மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. இம்மாற்றங்களினூடே எந்தப் பதிவேடு எங்கே தங்கிற்று என்பதைத் தேடுவது பொறியியலாளரின் பணியன்று. வரலாற்று மாணவர் செய்யத்தக்கது. ஓய்வுபெற்ற கான் வெட்டுத் தொழிலாளி ஒருவரோடு ஒரு மலையைச் சுற்றிவந்து, அவர் காட்டும் பழைய ஊற்றுகளை அளவைப் படத்திற் குறித்துக்கொள்ள இரண்டு நாள் போதும். அவ்வாறு குறித்த படத்தைப் பொறியியற் பீட நண்பரிடம் ஒப்படைத்தால், நீர்மட்டம் பற்றிய வரிகளை அவர் ஊகத்தால் நிரப்ப வேண்டியிராது.