ஃப்ளைவீல்: இரும்பைக் குறைச்சா யார் தலையில விழும்?

கார் மாடிஃபிகேஷன் பக்கம் கொஞ்சம் கால் வைச்சவங்க எல்லாரும் ஒரு கட்டத்துல இந்தக் கேள்விக்கு வந்து நிப்பாங்க. கிளட்ச் மாத்துறதுக்காக கியர்பாக்ஸை எப்படியும் இறக்கப் போறோம். அப்போ பழைய கம்பெனி ஃப்ளைவீலையே திரும்ப மாட்டுறதா, இல்ல லைட்வெயிட் ஒண்ணு வாங்கிப் போடுறதா? ஒருத்தர் "போடு, எஞ்சின் சும்மா எகிறும்"னு சொல்வார். இன்னொருத்தர் "வேண்டாம், சிக்னல்ல வண்டி ஆஃப் ஆகி மானம் போகும்"னு சொல்வார்.

ரெண்டு பேர் சொல்றதும் உண்மைதான். அது எப்படின்னு புரியணும்னா, இந்தச் சக்கரம் எதுக்காக வந்ததுன்னு பார்க்கணும். அதனால இந்த எபிசோடில் உங்களை 1780-களுக்குக் கூட்டிட்டுப் போறேன்.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம். குயவர் சக்கரத்தைப் பார்த்திருப்பீங்க. கோலால நாலு சுத்து வேகமா சுத்தி விட்டுட்டு, கோலை வைச்சுட்டு, ரெண்டு கையாலயும் மண்ணைப் பிடிப்பாங்க. கையை எடுத்த பிறகும் சக்கரம் சுத்திக்கிட்டே இருக்கும். காரணம் அதோட கனம். விட்டு விட்டு வரும் சக்தியை வாங்கி வைச்சுக்கிட்டு, சீராத் திருப்பிக் கொடுக்கும். ஃப்ளைவீல் செய்யறதும் இதே வேலைதான்.

இப்போ இங்கிலாந்து. ஜேம்ஸ் வாட்டின் நீராவி எஞ்சின் முதலில் மேலும் கீழும்தான் அசைந்தது. சுரங்கத்தில் தண்ணீர் இறைக்க அது போதும். ஆனால் ஆலைகளில் இயந்திரம் ஓட்ட சுழலும் இயக்கம் வேண்டும். அதற்கு கிராங்க் என்ற எளிய வழி இருந்தது. ஆனால் 1780-ல் ஜேம்ஸ் பிக்கார்ட் என்பவர் அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். வாட் சுற்றுவழி ஒன்றைப் பிடித்தார். ஒரு பல்சக்கரத்தை இன்னொரு பல்சக்கரம் கிரகம் மாதிரி சுற்றிவரும் 'சன் அண்ட் பிளானட்' கியர். 1781-ல் அதற்குக் காப்புரிமை எடுத்தார்.

இதில் ஒரு லாபமும் இருந்தது. பிஸ்டன் ஒரு முறை போய் வந்தால் சக்கரம் இரண்டு முறை சுற்றும். சுழலும் பொருளில் சேரும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. ஆக, சின்னச் சக்கரமே பெரிய சக்கரத்தின் வேலையைச் செய்யும். இதை மனசுல வைச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

அப்படி 1785-ல் லண்டன் விட்பிரெட் பீர் ஆலையில் நிறுவிய எஞ்சின், குதிரைகள் செய்துகொண்டிருந்த வேலையை எடுத்துக்கொண்டு 1887 வரை ஓடியது. இன்றைக்கு அது சிட்னியின் பவர்ஹவுஸ் மியூசியத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

அடுத்த கட்டம் 1876. ஜெர்மனியில் நிகோலஸ் ஓட்டோ நாலு ஸ்ட்ரோக் எஞ்சினை ஓட்டிக் காட்டினார். அதில் நாலு ஸ்ட்ரோக்கில் ஒன்றுதான் சக்தி தரும். மிச்ச மூணும் செலவு. ஒரே சிலிண்டர் இருந்தால், அந்த மூணு ஸ்ட்ரோக்கையும் ஃப்ளைவீல்தான் இழுத்துக்கொண்டு போக வேண்டும். புல்லட்டின் பழைய 346 சிசி எஞ்சின் அவ்வளவு மெதுவாக 'டப் டப்'னு நின்னு பேசினதுக்கு, உள்ளே இருந்த கனமான ஃப்ளைவீலும் ஒரு காரணம்.

கார்களில் நாலு, ஆறு சிலிண்டர் வந்தபோது நிலைமை மாறியது. ஆறு சிலிண்டர் எஞ்சின் 800 ஆர்.பி.எம்-ல் ஐடிலில் நிற்கும்போதே நிமிடத்துக்கு 2,400 முறை எரிப்பு நடக்கிறது. இடைவெளி குறைவு, அதனால் ஃப்ளைவீலின் கனத்தையும் குறைக்கலாம். ரேஸ்காரர்கள் இந்த இடத்தில்தான் இரும்பைச் சீவ ஆரம்பித்தார்கள்.

ஏன் சீவினாங்க? குதிரைத்திறன் கூடும்னு நினைச்சா அது தப்பு. ஒரே ஆர்.பி.எம்-ல் நிலையாக ஓடும் எஞ்சினுக்கு லைட் ஃப்ளைவீல் ஒரு குதிரையைக்கூட கூடுதலாகத் தராது. வேகம் ஏறும்போது சக்கரத்தை முடுக்கச் செலவாகும் பங்கு மட்டும்தான் மிச்சமாகும்.

ஒரு கணக்கு போடுவோம். ஃப்ளைவீலில் மையத்திலிருந்து 11 செ.மீ. தூரத்தில் 5 கிலோவைக் குறைக்கிறோம். டயரின் ஆரம் 30 செ.மீ. முதல் கியரில், டயர் ஒரு சுற்று சுற்ற எஞ்சின் 14 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். முடுக்கத்தில் அது வண்டியிலிருந்து சுமார் 130 கிலோ இறக்கின மாதிரி. அதே வண்டி ஐந்தாவது கியரில், 3.2 சுற்று என்று வையுங்கள். இப்போ அது வெறும் 7 கிலோ இறக்கின மாதிரி. இங்கேயும் அதே வர்க்கக் கணக்குதான். ஆக, ஸ்லோ கார்னரை விட்டு வெளியே வரும்போது லாபம் தெரியும்; நெடுஞ்சாலையில் நூறுக்கு மேல போறவருக்கு ஏறக்குறைய ஒண்ணும் தெரியாது.

இனி எதிர்ப்பக்கம். 1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு எரிபொருளை மிச்சப்படுத்துறதுதான் பெரிய விஷயம். குறைந்த ஆர்.பி.எம்-ல் ஓட்டு, கியரைக் கூட்டு, கியர்பாக்ஸை லேசாக்கு. விளைவு, எஞ்சினின் ஒவ்வொரு துடிப்பும் கியர்பாக்ஸுக்குள் கடகடவென்று கேட்டது. அதற்கு மருந்தாக ஜெர்மனியின் லூக் நிறுவனம் 1985-ல் டூயல் மாஸ் ஃப்ளைவீலைத் தயாரிப்புக்குக் கொண்டுவந்தது. ஒரே சக்கரத்தை இரண்டாகப் பிரித்து நடுவில் ஸ்பிரிங் வைத்தார்கள். துடிப்பை ஸ்பிரிங் விழுங்கிவிடும், ஓட்டுநருக்கு அமைதி. விலையும் கனமும் மட்டும் கூடுதல்.

இந்த இரண்டு பாதையும் ஒரே காரில் சந்தித்தது. போர்ஷே 911-இன் 964 தலைமுறை. சாதாரண கரேரா மாடலில் டூயல் மாஸ் ஃப்ளைவீல் இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் வந்த 964 ஆர்.எஸ்-இல் பின்சீட் இல்லை, ஏசி இல்லை, ஃப்ளைவீலும் லேசான சிங்கிள் மாஸ். குதிரைத்திறன் 250-லிருந்து 260-தான் ஆனது. ஆனால் ஆக்ஸிலேட்டரைத் தொட்டவுடன் முள் எகிறும். நியூட்ரலில் நின்றால் கியர்பாக்ஸ் கடகடக்கும், கிளட்சை மிதித்தால் அடங்கும். கால் கொஞ்சம் தடுமாறினால் வண்டி ஆஃப்.

அதே ஆர்.எஸ்-க்கு டூரிங் என்று ஒரு வகையும் விற்றார்கள். அதில் டூயல் மாஸைத் திரும்ப வைத்தார்கள். இன்னைக்கு நம்ம பட்டறையில நடக்கிற அதே விவாதத்துக்கு, தொழிற்சாலையே ரெண்டு பதில் வைச்சிருந்தது. 2016-ல் 991 கார்கள் மட்டும் தயாரான 911 ஆர்-இல் சிங்கிள் மாஸ் ஃப்ளைவீலை ஆப்ஷனாகவே விட்டார்கள். 2023-ன் 911 எஸ்/டி-யில் லேசான கிளட்ச், சிங்கிள் மாஸ் ஃப்ளைவீல் இரண்டும் சேர்ந்து சுழலும் எடையில் 10.5 கிலோவைக் குறைத்தன.

எனக்கு இந்த வரலாறு சொல்வது இதுதான்: எஞ்சினின் ஏற்ற இறக்கத்தை யாராவது ஒருத்தர் சுமந்தே ஆகணும். இரும்பு சுமக்கும், இல்லைன்னா ஸ்பிரிங் சுமக்கும். ரெண்டையும் எடுத்துட்டா, உங்க இடது கால் சுமக்கும்.

அதனால முடிவெடுக்கும் முன் உங்க வாரத்தைக் கணக்குப் பண்ணுங்க. ஏழு நாளில் ஆறு நாள் டிராஃபிக்கில் ஹாஃப் கிளட்சிலேயே ஊர்றீங்களா? அப்போ கம்பெனி ஃப்ளைவீல்தான் உங்க நண்பன். கிளட்ச் உராயும்போது வரும் சூட்டையும் அந்தக் கனமான இரும்புதான் வாங்கிக்கும். மெல்லிசா இருந்தா சீக்கிரம் சூடேறும். மாசம் ரெண்டு தடவை டிராக்குக்குப் போறீங்க, டவுன்ஷிஃப்டில் ஆர்.பி.எம்-ஐப் பொருத்த ரசிக்கிறீங்கன்னா, லைட்வெயிட் சந்தோஷம் தரும். டூயல் மாஸை எடுத்துட்டு சிங்கிள் மாஸ் போட்டா, ஸ்பிரிங் உள்ள கிளட்ச் பிளேட்டும் சேர்த்துப் போடணும். இல்லைன்னா அந்தத் துடிப்பு எல்லாம் நேரா கியர்பாக்ஸுக்குத்தான் போகும்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்யாதீங்க. பழைய வார்ப்பிரும்பு ஃப்ளைவீலை லேத்தில் கொடுத்து இஷ்டத்துக்குச் சீவாதீங்க. 28 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் 7,000 ஆர்.பி.எம்-ல் சுற்றும்போது அதன் விளிம்பு மணிக்கு சுமார் 370 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. 19-ஆம் நூற்றாண்டு ஆலைகளில் ஃப்ளைவீல் வெடித்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். முன்னாடி எஞ்சின், பின்சக்கர டிரைவ் உள்ள கார்களில் இந்தச் சக்கரம் இருக்கும் இடம், உங்க பாதத்துக்குப் பக்கம். லேசா வேணும்னா, அதுக்குன்னே ஸ்டீலிலோ அலுமினியத்திலோ செய்து, சோதித்துச் சான்று வாங்கினதை வாங்குங்க. பட்ஜெட் அதுக்கு இடம் கொடுக்கலைன்னா, பழைய ஃப்ளைவீலே இருக்கட்டும். இருநூறு வருஷத்துக்கு மேல பேர் சொன்ன சக்கரம், இன்னும் கொஞ்ச நாள் உங்களையும் இழுத்துக்கிட்டுப் போகும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.