இரும்பை ஒதுக்கும் கருவியும் நம் தோட்டத்து மண்ணும்



தஞ்சோங் மாலிம் வட்டாரத்திலும் பொழுதுபோக்குக்காக மண்ணில் உலோகம் தேடும் கருவியை வாங்குவோர் தோன்றத் தொடங்கிவிட்டனர். பழைய மாணவர் ஒருவர் புதிதாக ஒன்று வாங்கியிருப்பதாகச் சொல்லி, எந்தத் தோட்டத்தில் தேடினால் பழங்காசு கிடைக்கும் என்று என்னிடம் கேட்டார். அக்கருவியின் விளக்கநூலையும் காட்டினார். ஓர் இரவு முழுவதும் அதைப் படித்தேன். படிக்கப் படிக்க, கருவியைக் காட்டிலும் நம் தோட்டங்களைப் பற்றிய எண்ணமே மேலோங்கியது.

இதனை ‘உலோகங்காணி’ என்றே இங்கு அழைக்கிறேன். கங்காணி என்ற சொல்லை நாவில் வளர்த்த சமூகத்திற்கு இச்சொல் அந்நியமாக இராது.

உலோகங்காணியின் அடிப்படை எளியது. கழியின் அடியில் தட்டுப் போன்ற ஒரு பகுதி உள்ளது. அதற்குள் இரு கம்பிச் சுருள்கள். ஒன்றில் மின்னோட்டம் ஒரு நொடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறிப் பாய்கிறது. அதனால் எழும் காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்குகிறது. அங்கே உலோகம் கிடந்தால் அதற்குள் சிறு சுழல் மின்னோட்டங்கள் உண்டாகி, அவை தமக்கென ஒரு காந்தப்புலத்தை எழுப்புகின்றன. இரண்டாம் சுருள் அதனைக் கேட்கிறது. வெள்ளியும் செம்பும் மின்சாரத்தை நன்கு கடத்துபவை. மெல்லிய அலுமினியத் தாளும் சிறிய பொன் மோதிரமும் அவ்வாறு அல்ல. ஆகவே மறுமொழி வந்து சேரும் கால வேறுபாடு பொருளுக்குப் பொருள் மாறுகிறது. இரும்போ காந்தத்தால் ஈர்க்கப்படுவது. அதன் மறுமொழி தனி இனம்.

பழைய பொழுதுபோக்குக் கருவிகள் பெரும்பாலும் ஒரே அதிர்வெண்ணில் இயங்கின. ஆஸ்திரேலியாவின் மைன்லேப் நிறுவனம் 2018-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஈக்வினாக்ஸ் வரிசை, பல அதிர்வெண்களை ஒரே வேளையில் செலுத்தும் முறையை நடுத்தர விலைக்கு இறக்கியது. பிரான்சின் எக்ஸ்பி நிறுவனமும் துருக்கியின் நோக்டா நிறுவனமும் அதே வழியில் வந்தன. 2023-இல் வந்த ஈக்வினாக்ஸ் 900, நீருக்குள் 5 மீட்டர் வரை தாங்கும். ஒலியைக் கம்பியில்லாமல் காதுக்கு அனுப்பும். கண்ட பொருளுக்கு -19 முதல் 99 வரை ஓர் எண்ணைத் திரையில் காட்டும். குறைக்குறி இட்ட எண்கள் இரும்புக்கு உரியவை. நல்ல வெள்ளிக்காசுக்குப் பெரிய எண். பானக் குவளையின் மூடி வளையமும் பொன் மோதிரமும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்டித் தேடுவோரை ஏமாற்றுவது வேறு கதை.

நம் நாட்டுக்கு முதன்மையானது மண்ணைச் சமன்செய்யும் வசதி. செம்மண்ணிலும் செம்புரைக்கல்லிலும் இரும்புத் தாது கலந்துள்ளதால் மண்ணே ஒலி எழுப்பும். தட்டை மேலும் கீழும் அசைத்து, ‘இது வெறும் மண்’ என்று கருவிக்குக் கற்பித்த பின்னரே தேடலைத் தொடங்க வேண்டும். அதன் பின்னும் ஒரு காசைச் சுமார் ஒரு முழ ஆழத்திற்குக் கீழே எதிர்பார்ப்பது வீண். விளம்பரப் படங்களை நம்ப வேண்டாம்.

இனி, இக்கருவி வந்த வழியைச் சிறிது காண்போம். 1881 ஜூலை 2-இல் அமெரிக்க அதிபர் கார்பீல்டு சுடப்பட்டார். உடலில் தங்கிய குண்டைக் கண்டறியத் தொலைபேசியைப் படைத்த கிரகாம் பெல் ஒரு மின்காந்தக் கருவியோடு வந்தார். குண்டு அகப்படவில்லை. படுக்கையில் இருந்த உலோகச் சுருள்வில்கள் தேடலைக் குழப்பின என்பர். செப்டம்பர் 19-இல் அதிபர் இறந்தார். 1930களில் கலிபோர்னியாவில் வாழ்ந்த கெர்ஹார்டு பிஷர் என்னும் ஜெர்மானியப் பொறியாளர், வானூர்திகளுக்கான வானொலித் திசைகாட்டி உலோகத் தாதுவின் அருகில் பிழை காட்டுவதைக் கவனித்தார். அப்பிழையையே பயனாக்கி 1937-இல் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப்போரில் ஸ்காட்லாந்தில் தங்கியிருந்த போலந்துப் படை அதிகாரி யூசெஃப் கோசாட்ஸ்கி, காலாள் ஒருவர் கையில் ஏந்தத்தக்க கண்ணிவெடி காணியை வடிவமைத்தார். 1942-இல் எகிப்தின் எல் அலமெய்ன் போரில் அது பயன்பட்டது. போர் முடிந்ததும் எஞ்சிய படைக்கருவிகள் மலிவு விலைக்கு விற்கப்பட்டன. காசு தேடும் பொழுதுபோக்கு அவ்வாறே பரவியது. போர்க்களத்தில் பிறந்த கருவி என்பதை நினைவில் இருத்துக. ஏனெனில் நம் வட்டாரமும் போர்க்களமே.

1942 ஜனவரி 7 விடியற்காலை, ஜப்பானியக் கவச ஊர்திகள் துரோலாக்கில் இந்தியப் படைப்பிரிவின் அரண்களை உடைத்து நெடுஞ்சாலை வழியே தெற்கே பாய்ந்தன. காலையிலேயே சிலிம் ஆற்றுப் பாலம் அவர்கள் கையில். குளூனி தோட்டத்தை ஒட்டிய சாலையில் அணிவகுத்துச் சென்றுகொண்டிருந்த கூர்க்கா வீரர்கள் பின்புறமிருந்து தாக்கப்பட்டனர். நான்கு நாள்களில், ஜனவரி 11-இல், கோலாலம்பூர் வீழ்ந்தது. சண்டை நிகழ்ந்த சாலையின் இருமருங்கும் இரப்பர்த் தோட்டங்கள். அவற்றின் லயங்களில் வாழ்ந்தவர்கள் நம்மவர்கள்.

பத்தாண்டுகளுக்குப் பின், அவசரகாலத்தில், 1952 மார்ச் 25-இல் தஞ்சோங் மாலிமுக்கு நீர் வரும் குழாய் உடைக்கப்பட்டது. அதனைச் சீர்செய்யச் சென்ற குழுவினரில் 12 பேர் பதுங்கியிருந்தோரால் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவர் துணை மாவட்ட அதிகாரி மைக்கேல் காட்னர். 1943-இல் ஜெர்மானியச் சிறைமுகாமிலிருந்து மரக்குதிரையின் மறைவில் சுரங்கம் தோண்டித் தப்பிய மூவருள் ஒருவர். மண்ணுக்குள் ஒலிவாங்கிகள் புதைத்திருந்த முகாம் அது! அங்குத் தப்பியவர் இங்கு மாண்டார். உடனே வந்த உயர் ஆணையர் டெம்பளர், நாளொன்றுக்கு 22 மணிநேர ஊரடங்கு விதித்தார். அரிசிப் பங்கீட்டையும் குறைத்தார். ஏறத்தாழ இரண்டு வாரம் ஊரே அடைபட்டுக் கிடந்தது. குழாய்த் துண்டும் தோட்டா உறையும் மண்ணில் கிடைக்கலாம். ஊரடங்கில் அளந்து உண்ட அரிசி எந்தத் திரையிலும் தோன்றாது.

அதுபோலவே ஜப்பானியர் ஆட்சியின் மூன்றரை ஆண்டுகள். வாழைமரப் படம் அச்சிட்ட தாள்பணமே அன்று புழங்கியது. அதற்கு முன் புழங்கிய சதுர வடிவ ஒரு காசை இன்றும் மண்ணில் எடுக்கலாம். தோட்டங்களிலிருந்து சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டோர் எண்ணற்றோர். அக்காலத்தைப் பற்றி உலோகங்காணி ஏறத்தாழ ஊமை.

என் மனத்தை உறுத்தியது இதனினும் பெரிது. இக்கருவிகளை விற்போர் தலையாய சிறப்பாகச் சொல்வது, இரும்பை ஒதுக்கும் திறனை. ஒதுக்கும் நிலையில் இரும்பின் மேல் தட்டு சென்றாலும் காதுக்கு ஒலி வராது. ஐரோப்பிய வயலில் உரோமானியக் காசு தேடுபவருக்கு அது வரம். துருப்பிடித்த ஆணிகளைத் தோண்டி அலுக்க வேண்டியதில்லை. நம் தோட்டத்தில் அதே பொத்தானை அழுத்தினால் என்ன நிகழும்?

பால்மரம் வெட்டும் உளி இரும்பு. மங்கைத் தாங்கும் கம்பி இரும்பு. பால் வழிந்து மங்கில் இறங்க மரத்தில் அடித்த சிறு துண்டு தகரம். சங்கிலி, மண்வெட்டி, லயத்துக் கூரைத் தகடு, கதவுக் கொண்டி, அம்மிக்குப் பக்கத்தில் கிடந்த அரிவாள்மணை, விடியுமுன் பெரட்டுக்கு அழைக்கப் பல தோட்டங்களில் அடித்த தண்டவாளத் துண்டு, அனைத்தும் இரும்பு. மரத்தடி முனியாண்டிக்கு நட்ட சூலமும் இரும்பே. கருவியின் கணக்கில் இவை யாவும் குப்பை! எண் பெற்று மிளிர்பவை எவை? வெள்ளி நாணயம், துரையின் சட்டைப் பித்தளைப் பொத்தான், படைவீரரின் முத்திரை. காசுள்ளவரின் வரலாறு ஒலிக்கும். உழைத்தவரின் வரலாறு ஒலியின்றிக் கடந்து போகும். அகன்ற துருத்தகடு சிலவேளை வெள்ளியின் எண்ணைக் காட்டிப் பொய் சொல்வதுண்டு. அதனைத் தோண்டி எடுத்தவர் சலித்துப்போய்ப் புதரில் வீசிவிடுகிறார். அது ஒரு குடும்பத்தின் கூரையாய் இருந்திருக்கும்.

பிரித்தானியாவில் 1997 முதல் பொழுதுபோக்காளர் கண்டெடுக்கும் பொருள்களை இடக்குறிப்போடு பதிவுசெய்யும் திட்டம் உள்ளது. பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பொருள்கள் அதில் ஏறியுள்ளன. கருவியைப் பழிப்பது என் நோக்கமன்று. ஒழுங்காகப் பயன்படுத்தினால் அது ஆய்வாளருக்குத் துணை.

ஈழத்தில் இதே இனக் கருவியை ஏந்தி உழைக்கும் தமிழ்ப் பெண்களை இங்கு நினைக்கிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாயிலில் உள்ள முகமாலை, போரில் நெருக்கமாகக் கண்ணிவெடி புதைக்கப்பட்ட நிலம். ஹேலோ டிரஸ்ட் போன்ற அமைப்புகளின் கீழ் அவ்வட்டாரப் பெண்கள் பலர், போரில் கணவரை இழந்தோரும் அவர்களுள் உண்டு, சாண் சாணாக மண்ணைத் துழாவி வெடிகளை அகற்றி வந்துள்ளனர். அவர்கள் எந்த ஒலியையும் ஒதுக்குவதில்லை. ஆணியோ, தோட்டாவோ, தகரமோ, ஒவ்வொன்றையும் மண்டியிட்டுத் தோண்டிப் பார்த்த பின்னரே அடுத்த அடி வைப்பர். நம் தோட்டத்து மண்ணுக்கு வேண்டிய பொறுமை அதுவே. ஈக்வினாக்ஸ் கருவியில் லாடம் படம் பொறித்த ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் ஒதுக்கல் நீங்கி இரும்பும் ஒலிக்கும். தோட்டத்தில் தேடுபவர் முதலில் தொட வேண்டியது அதனை.

சட்டத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். தேசிய மரபுடைமைச் சட்டம் 2005, அதற்கு முந்திய 1976-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தையும் 1957-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தையும் நீக்கி வந்தது. மரபுச் சிறப்புடையதெனத் தோன்றும் பொருளைக் கண்டெடுப்பவர் அதிகாரிகளிடம் தெரிவித்தாக வேண்டும். மாவட்ட அலுவலகத்திலும் தெரிவிக்கலாம். தோட்ட நிலம் நிறுவனத்திற்கு உரியது. செம்பனை நட்டிருந்தாலும், வீடமைப்புக்கென விற்றுவிட்டிருந்தாலும், உரியவரிடம் எழுத்து வழி இசைவு பெறாமல் மண்ணைத் தொடுதல் அத்துமீறல். துரோலாக் முதல் சிலிம் ரிவர் வரை இன்னோர் இடர் உண்டு. வெடிக்காத எறிகணைகள் இன்றும் நாட்டின் பல பகுதிகளில் வெளிப்படுகின்றன. உருளை வடிவில் கனமான இரும்பு தென்பட்டால் தட்டிப் பார்க்காமல், தூக்காமல், விலகிச் சென்று 999-க்கு அழையுங்கள்.

கருவி இல்லாதோரும் இன்றே செய்யத்தக்க ஒன்று உண்டு. குளூனி, துரோலாக், பேராங் பக்கத்துத் தோட்டங்களில் வாழ்ந்த தாத்தா பாட்டிமார்களை அமர்த்தி, ஒரு வெள்ளைத்தாளில் அவர்கள் லயத்தை வரைந்து காட்டச் சொல்லுங்கள். வரிசை எத்தனை, கிணறு எப்பக்கம், பெரட்டுக்களம், பால் கொட்டகை, கள்ளுக்கடை, பிள்ளைக்காம்பிரா, முனியாண்டி மரம், எல்லாம் குறிக்கட்டும். தாளின் ஓரத்தில் சொன்னவர் பெயரையும் தோட்டம் விட்டு வந்த ஆண்டையும் எழுதி வையுங்கள். மண்ணிலிருந்து ஓர் உளி கிடைக்கும் நாளில், அது எவர் வாசலில் கிடந்தது என்று சொல்ல அந்தத் தாள் ஒன்றே இருக்கும்.