ஸ்டட் போக்கரில் காத்திருப்புச் சீட்டுகள் (ஒற்றை எதிராளி)

காத்திருப்புச் சீட்டுகள் என்பது இன்னும் சேராத, ஆனால் அடுத்து வரும் சீட்டில் சேரக்கூடிய கை. ஏழு சீட்டு ஸ்டட் ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் மூன்று சீட்டு கவிழ்த்தும் நான்கு திறந்தும் வரும். முதல் நான்கும் இஸ்பேட்டாக இருந்து, எதிராளியின் திறந்த இரண்டில் இஸ்பேட் இல்லையென்றால், எஞ்சிய மூன்று சீட்டில் ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) அமைய ஏறக்குறைய 49 விழுக்காடு வாய்ப்பு. அந்த இரண்டுமே இஸ்பேட் என்றால் 40தான். எதிரே கிடப்பதைப் பார்க்காமல் ஆடுபவர் பணத்தைத் தானமாகத்தான் கொடுக்கிறார்.

ஒரே எதிராளி என்றால் பந்தயக் குவியல் சிறியது. ஆறு சீட்டு வந்த பிறகும் ஃப்ளஷுக்கு ஒரு சீட்டு குறைகிறது, எதிராளியிடம் இஸ்பேட் தெரியவில்லை என்று கொள்வோம்: காணாத 42இல் 9 உதவும். 10 வெள்ளி கட்ட, அவர் பந்தயத்தையும் சேர்த்துக் குவியலில் 37 வெள்ளியாவது வேண்டும். கையில் ராஜா, ஏஸ் இருந்தால் ஜோடி சேர்ந்தும் வெல்லலாம். சின்னச் சீட்டுகளுக்கு அந்த ஆறுதல் இல்லை.

இந்த ஆட்டத்தை எங்கே ஆடலாம் என்பதற்கும் விதி உண்டு. சிங்கப்பூரில் 2022ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடும்பத்தாரும் நண்பர்களும் வீட்டில் ஆடுவதை நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது. தேக்கா அடுக்குமாடி வீட்டுக்குள் ஆடலாம்; அதே நண்பர்கள் இணையத்தில் காசு வைத்தால் அந்த விலக்கு இல்லை. 2010இல் திறந்த மரினா பே சேண்ட்ஸ், செந்தோசா சூதாட்டக் கூடங்களில் நுழையக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 2019 முதல் நாளொன்றுக்கு 150 வெள்ளி கட்டுகின்றனர். எந்தக் குவியல் கணக்கிலும் சேராத செலவு அது.